கேள்வி–பதில்: ஆட்டம் ஆடினால் மறதி குறையுமா?

முதியவர்களின் உடற்பயிற்சி, டிவி விளையாட்டு, ஞாபகசக்தி பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு முதியோர் நல மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

அப்பாவுக்கு 71 வயது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, டிவியில் மாட்டி ஆடும் விளையாட்டுச் சாதனம் ஒன்றை அனுப்பியிருக்கிறான். கையில் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, தொடையில் பட்டை கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓட வேண்டுமாம். மூளைக்கு நல்லது என்கிறான். அப்பா, "சின்னப் பிள்ளை சமாச்சாரம்" என்று தொட மாட்டேன் என்கிறார். நிஜமாகவே பலன் உண்டா? – வாசகி, கும்பகோணம்

உண்டு. தம்பி சொல்கிற அளவுக்கு இல்லை. அப்பா ஒதுக்கித் தள்ளுகிற அளவுக்கு அற்பமும் இல்லை.

2012-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் முதியோர் குடியிருப்புகளில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. ஒரு பிரிவினர் நின்ற இடத்தில் மிதிக்கும் சாதாரண சைக்கிளை மிதித்தார்கள். மற்ற பிரிவினருக்கும் சைக்கிள்தான். ஆனால் முன்னால் ஒரு திரை, அதில் சாலை, வளைவு, முந்திப் போகும் ஆட்கள். மூன்று மாதப் பயிற்சியை 63 பேர் முடித்தார்கள். இரு பிரிவினரும் உடலால் உழைத்தது ஏறக்குறைய ஒரே அளவு. இருந்தும் திரை பார்த்து ஓட்டியவர்கள், கவனத்தை மாற்றி மாற்றிச் செலுத்தும் சோதனைகளில் முந்தினார்கள். மூளை நரம்புகளின் வளர்ச்சிக்கு உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதமும் அவர்களுக்குக் கூடுதலாக ஏறியிருந்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 63 பேர் என்பது சிறிய கூட்டம். அடுத்து, மேம்பட்டது "சாவியை எங்கே வைத்தேன்" என்ற ஞாபகம் அல்ல. அடுப்பில் பால் இருக்கும்போது வாசலில் ஆள் கூப்பிட்டால், பதிலும் சொல்லி, பாலையும் பொங்காமல் இறக்குகிற திறன். வயதாக ஆக முதலில் தளர்வதும் பெரும்பாலும் அதுதான். தனியாக வங்கிக்குப் போய் வருவது, சாலையைக் கடப்பது, மாத்திரையை வேளை தவறாமல் எடுப்பது எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

பலன் எங்கிருந்து வருகிறது? மூச்சு வாங்கும்படி உழைக்கும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. அதே நேரத்தில் "இடமா, வலமா, நிற்கவா" என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றாக நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்து மணிக்கட்டை மட்டும் ஆட்டிச் சில சாதனங்களை ஏமாற்றவும் முடியும். அப்படி ஆடினால் மதிப்பெண் ஏறும், வேறொன்றும் ஏறாது.

அப்பாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பேரப்பிள்ளையோடு போட்டி என்று சொல்லிப் பாருங்கள். மிகக் குறைந்த கட்டத்தில், முதல் வாரம் 10 நிமிடம் போதும்.

அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்த பழைய விளையாட்டுச் சாதனம் வீட்டில் இருக்கிறது. எங்கே, எப்படி வைப்பது? மொபைலில் ஓடும் ஆட்டத்தை டிவிக்கு அனுப்பி ஆடினோம். கை தட்டிய பிறகுதான் திரையில் தட்டுகிறது. எனக்கு 66, மனைவிக்கு 62. – வாசகர், பட்டுக்கோட்டை

பிளக்கைச் செருகும் முன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். "இன்புட்" என்ற வரியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் நம் ஊர் மின்சாரத்தில் நேரடியாகப் போடலாம். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்க மின்சாரத்துக்கு ஆனது. நம் 230 வோல்ட்டில் போட்டால் போய்விடும். நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய வீ (Wii) விளையாட்டுச் சாதனத்தின் அமெரிக்க அடாப்டர் அந்த ரகம். பின்னை மாற்றும் சிறு பிளக் வோல்டேஜை மாற்றாது, டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

மொபைலிலிருந்து வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பினால் படம் சற்றுத் தாமதமாகத்தான் வரும். தாளத்துக்குத் தட்டும் ஆட்டத்துக்கு அந்தத் தாமதம் ஆகாது. சரியாக ஆடியும் "தவறு" என்று வரும், வயதானவர்கள் "என் மூளைதான் மந்தம்" என்று விட்டுவிடுவார்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணையுங்கள். டிவியின் செட்டிங்கில் "கேம் மோட்" இருந்தால் அதைப் போடுங்கள். தாமதம் இன்னும் குறையும்.

கேமரா பார்த்து ஆடும் கினெக்ட் வகைக்கு ஒருவர் ஆட 6 அடி, இருவர் ஆட 8 அடி தூரம் தேவை. ஜன்னல் வெயில் நேராகக் கேமராவில் விழுந்தால் அது ஆளைத் தவற விடும், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். இந்தக் கருவியின் உற்பத்தி 2017-லேயே நின்றுவிட்டது, ஆகவே உதிரிபாகத்தை நம்பிப் பழையதை விலைக்கு வாங்காதீர்கள். கால் வைத்து ஏறி நிற்கும் பலகை வகை இன்னொன்று. அதன் உயரம் சில சென்டிமீட்டர்தான், ஆனால் ஆட்ட மும்முரத்தில் பின்னால் இறங்கும்போது அதில்தான் தடுக்கி விழுகிறார்கள். பலகைக்குப் பின்னால் கைப்பிடி இல்லாத கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். ஊஞ்சல் தொங்கும் கூடத்தில் ஆடுவதானால் ஊஞ்சல் பலகையைக் கழற்றிவிட்டோ சங்கிலியோடு சேர்த்து மேலே கட்டிவிட்டோ ஆடுங்கள்.

உடையும் முக்கியம். வேட்டியை மடித்துக் கட்டினாலும் முட்டியைத் தூக்கும்போது அவிழும். அரை டிராயர் அல்லது பேன்ட் நல்லது. அம்மையாருக்குப் புடவைக் கொசுவம் காலில் மாட்டும். சுடிதார் பழக்கம் இல்லையென்றால் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ளட்டும்.

எங்கள் கிராமத்தில் அந்த மாதிரிக் கருவியெல்லாம் வாங்க முடியாது. என் மாமியார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா, இன்னும் மூன்று பேர் சாயங்காலம் கூடிப் பேசுவார்கள். எல்லோரும் 65-க்கு மேல். காசில்லாமல் அதே பலனுக்கு ஏதாவது உண்டா? – வாசகி, மன்னார்குடி அருகே

உண்டு, சாக்பீஸ் போதும். சின்ன வயதில் பாண்டி ஆடியவர்கள்தானே எல்லோரும்? நொண்டி மட்டும் வேண்டாம், கட்டத்தை வைத்துக்கொள்வோம்.

விழுவதைத் தடுக்க ஜப்பானில் உருவாக்கிய கட்ட நடைப் பயிற்சி ஒன்று உண்டு. 100 செ.மீ. அகலம், 250 செ.மீ. நீளமுள்ள விரிப்பில் 25 செ.மீ. சதுரங்கள் 40: குறுக்கே 4, நெடுக்கே 10. சிமென்ட் முற்றத்தில் அதையே வரைந்துகொள்ளலாம். பாதம் நீளமானவர்கள் இருந்தால் சதுரத்தை 30 செ.மீ. ஆக்குங்கள், கோட்டை மிதிக்காமல் வைக்க இடம் வேண்டும். ஒரு பக்கம் சுவர் இருக்கட்டும், தடுமாறினால் கை வைக்க. மறுபக்கம் ஒரு கஜம் காலியாக இருக்கட்டும். கிணற்றடி, துளசி மாடம், மாட்டுக்கொட்டில் ஓரம் கூடாது. கோலமாவில் கோடு போடாதீர்கள். வெறுங்காலுக்கும் சிமென்டுக்கும் நடுவில் அது மணலாகச் சறுக்கும். சாக்பீஸ் அல்லது செங்கல் துண்டு நல்லது.

முதல் இரண்டு வாரம் "உள்–வெளி" மட்டும். முதல் வரிசையில் இடது கால் இரண்டாம் கட்டத்தில், வலது கால் மூன்றாம் கட்டத்தில். அடுத்த வரிசையில் கால்களை அகட்டி ஒன்றிலும் நான்கிலும். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே, பத்து வரிசை முடியும்வரை. முடிந்ததும் கட்டத்தின் பக்கவாட்டில் நடந்து தொடக்கத்துக்கு வர வேண்டும். பின்னோக்கி நடந்து வரக் கூடாது. திரும்பும் இடத்தில் சிறு சிறு அடியாக நாலைந்து வைத்துத் திரும்பச் சொல்லுங்கள்; ஒரே காலில் சுழன்று திரும்பும்போதுதான் வயதானவர்கள் அதிகம் சாய்கிறார்கள்.

மூன்றாம் வாரம் மூளை வேலை தொடங்குகிறது. ஒருவர் எட்டு அடி கொண்ட ஒரு வரிசையை ஒரே ஒரு தடவை நடந்து காட்டுவார்: நேரே, நேரே, வலது பக்கம், மூலைவிட்டமாக முன்னே, இப்படி. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்திலிருந்து அதையே செய்ய வேண்டும். நடந்து காட்டியவர் வாயைத் திறக்கக் கூடாது. நம்மவர்கள் உடனே "இந்தப் பக்கம்டி!" என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சொல்லிக்கொடுத்த நொடியில் அது வெறும் நடை ஆகிவிடுகிறது. எட்டு அடி கஷ்டமாக இருந்தால் நாலில் தொடங்குங்கள்.

ஐந்தாம் வாரத்திலிருந்து "நெல்–புல்" ஆடலாம். ஒருவர் கூவுவார். "நெல்" என்றால் ஒரு வரிசை முன்னே போக வேண்டும். "புல்" என்றால் அசையக் கூடாது. "கல்" என்றால் வலப்பக்கம் ஒரு கட்டம். அந்தப் பக்கம் கட்டம் தீர்ந்திருந்தால் இடப்பக்கம். சொற்கள் ஒரே ஓசையில் இருப்பதால் காதைத் தீட்டிக் கேட்டாக வேண்டும், கிளம்பிய காலை இழுத்து நிறுத்தவும் வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து விதியை மாற்றுங்கள்: இப்போது "புல்" என்றால் முன்னே, "நெல்" என்றால் நில். எல்லோரும் தவறு செய்வார்கள், சிரிப்பும் வரும். பழகிய விதியை விட்டுப் புது விதிக்குத் தாவுகிற அந்தத் திணறல்தான் பயிற்சி. பத்துக்கு இரண்டு மூன்று தவறு வந்தால் கடினம் சரியான அளவு. தவறே வரவில்லையென்றால் கூவும் வேகத்தைக் கூட்டுங்கள், இல்லை இன்னொரு சொல்லைச் சேருங்கள். பாதிக்குப் பாதி தவறானால் ஒரு படி இறங்குங்கள். விலை உயர்ந்த சாதனம் தானாகச் செய்யும் வேலை இதுதான். உங்கள் முற்றத்தில் கூவுகிறவர் செய்ய வேண்டும்.

பாட்டு, தாளம் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னொன்று உண்டு. ஆதி தாளத்துக்கு எட்டு அடி வைத்தால் சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கை, எப்போதும் ஒரே காலில் விழும், அது சுலபம். மிஸ்ர சாபுக்கு நடக்கச் சொல்லுங்கள். ஏழு எண்ணிக்கை என்பதால் ஒரு சுற்றில் இடது காலிலும் அடுத்த சுற்றில் வலது காலிலும் சமம் விழும். சமத்தில் மட்டும் கை தட்ட வேண்டும் என்று வைத்தால் ஐந்தே நிமிடத்தில் எல்லோருக்கும் வியர்க்கும்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 20 முதல் 30 நிமிடம். நடுவில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார நாற்காலி வேண்டும், திண்ணை போதாது; திண்ணை விளிம்பிலிருந்து எழுவது முட்டி வலிக்காரர்களுக்குக் கடினம்.

தவறு எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். குனிந்து காலையே பார்த்து நடந்தால் கழுத்து வலியும் கிறுகிறுப்பும் வரும். இரண்டு வரிசை முன்னால் பார்க்கப் பழக்குங்கள். படிப்பதற்கும் தூரத்துக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடியில், கீழே பார்க்கும்போது படிக்கும் பகுதி வழியாகத் தரை மங்கித் தெரியும், கட்டம் தப்பும். தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி இருந்தால் அதைப் போடட்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் ஆடக் கூடாது, ரப்பர் செருப்பிலும் கூடாது. குதிகாலில் பட்டை உள்ள செருப்பு அல்லது கேன்வாஸ் ஷூ வேண்டும். துணைக்கு நிற்பவர் கையைப் பிடித்து இழுத்துப் போகாமல், பலவீனமான கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சற்றுப் பின்னால் நின்று, இடுப்பருகே கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு 68. மொபைலில் மிட்டாய் அடுக்கும் ஆட்டத்தை நாள் முழுக்க ஆடுகிறார். "மூளைக்குப் பயிற்சி" என்கிறார். போதுமா? – வாசகர், பாபநாசம்

போதாது. நாள் முழுக்க என்றால் கெடுதலும்கூட: உட்கார்ந்தே இருப்பது, கழுத்து வலி, இரவில் தூக்கம் கெடுவது.

2013-ல் கலிஃபோர்னியாவில் 60 முதல் 85 வயதுள்ளவர்களை ஒரு கார் ஓட்டும் கணினி ஆட்டத்தை ஆடவைத்தார்கள். ஓட்டிக்கொண்டே, குறிப்பிட்ட குறி வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். மொத்தம் 12 மணி நேரம், நான்கு வாரத்தில் பிரித்து. கவனம் மேம்பட்டது, ஆறு மாதம் கழித்தும் நின்றது. ஆனால் அந்த ஆட்டத்தை ஆய்வுக்கென்றே செய்தார்கள். ஆடுபவர் தேறத் தேற அது கடினமாகிக்கொண்டே போகும். மிட்டாய் அடுக்குவதில் கை தேறினால் மிட்டாய் அடுக்குவதில் தேறினார் என்றுதான் பொருள்.

மொபைலுக்கு ஒரு நாளைக்கு அரை மணி என்று வைத்துக்கொண்டு, மீதி நேரத்துக்கு எதிரே ஓர் ஆளை உட்காரவையுங்கள். ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்காரர் நாலு நகர்வு முன்னால் யோசித்தாக வேண்டும். பல்லாங்குழியில் முத்து எங்கே முடியும் என்று எண்ணிப் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று விதி வைத்தால் அது நல்ல கணக்குப் பயிற்சி. 2003-ல் நியூயார்க்கில் 75 வயதைக் கடந்தவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்தது. ஆனால் மூளை தளரத் தொடங்கியவர்களே முதலில் ஆட்டத்தை விடுகிறார்கள் என்றும் இதைப் படிக்கலாம், ஆகவே முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி பக்கம் அம்மா போகிறாரா என்றும் பாருங்கள். 2025-ல் வந்த மத்திய சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. அழைப்புக் குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கணவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரை எடுக்கிறார். இந்த மாதிரி ஆடத் தொடங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? – வாசகி, திருவாரூர்

அன்றைய ரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று ஆட்டம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை அளந்து பாருங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால், எழும்போது தலை சுற்றி விழும் ஆபத்து உண்டு. மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சர்க்கரையில் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள். ஆடும் முன் 100-க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு ஆடட்டும். நடுவில் கை நடுக்கம், வியர்வை, பதற்றம், பேச்சுக் குழறல் வந்தால் நிறுத்தி அளந்து பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாத்திரை எடுத்தால் எவ்வளவு ஆடினாலும் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பேசிப் பார்ப்பதுதான் அளவுகோல். ஆடும்போது ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் உழைப்பு போதவில்லை. நாலு சொல் பேசவே திணறினால் அதிகம்.

நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் இவற்றில் எது வந்தாலும் 108.

தினமும் காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி 45 நிமிடம் நடக்கிறேன். வயது 70. இதற்கு மேல் ஆட்டம் எதற்கு? – வாசகர், கும்பகோணம்

நடையை விடாதீர்கள். 2011-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப்பேர் ஓராண்டு, வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தார்கள். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி அவர்களுக்கு 2 சதவீதம் வளர்ந்தது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. வாரத்துக்கு 150 நிமிடம் நடுத்தர உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

ஆனால் அதே நிறுவனம் 65 வயதுக்கு மேல் இன்னும் இரண்டு கேட்கிறது: வாரம் இரண்டு நாள் தசை வலுவுக்கான பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. குளத்தைச் சுற்றுவதில் அவை இரண்டும் இல்லை. பழகிய பாதை என்பதால் மூளைக்கும் வேலை இல்லை.

உங்களை நீங்களே சோதிக்கலாம். நடந்துகொண்டே தஞ்சாவூர், அய்யம்பேட்டை, பாபநாசம், சுவாமிமலை, கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை என்று ரயில் நிறுத்தங்களைச் சொல்லுங்கள். பிறகு மயிலாடுதுறையிலிருந்து தலைகீழாக. அப்போது நடை தளர்கிறதா, நின்றே விடுகிறீர்களா? பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று 1997-லேயே கண்டறிந்திருக்கிறார்கள். நின்றுவிட்டால் வாகனம் வராத இடத்தில் மட்டும் இதைப் பயிற்சியாகச் செய்யுங்கள். மூன்று மூன்றாகக் கழிப்பது, பெயர்களை அகர வரிசையில் சொல்வது என்று மாற்றிக்கொண்டே இருங்கள். மனப்பாடமாகிவிட்ட பட்டியல் பயிற்சி ஆகாது.

அத்தைக்கு ஆறு மாதமாக மறதி கூடுகிறது. எந்த ஆட்டம் நல்லது? – வாசகி, திருத்துறைப்பூண்டி

ஆட்டத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை. பி12 வைட்டமின், தைராய்டு, சோடியம், சர்க்கரை. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையும். ஊசியில் சரியாகக்கூடிய குறை அது. தூக்க மாத்திரை எடுக்கிறாரா, மனச்சோர்வு உண்டா என்றும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்று பாருங்கள். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது மந்தமும் கண் பார்வைக் குறைவும் அதில் உண்டு. சொன்னது காதில் விழாதவரை "மறந்துவிட்டார்" என்று வீட்டில் முத்திரை குத்திவிடுகிறோம்.

மறதி ஓரிரு நாளில் திடீரென்று வந்து, ஆளைத் தெரியாமல் பிதற்றினால் அது வேறு. சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அம்மாவுக்கு மறதிநோய் என்று உறுதியாகிவிட்டது. 76 வயது. ஆட வைத்தால் நோய் குறையுமா? – வாசகர், நாகப்பட்டினம்

நோய் குறையாது. 2018-ல் பிரிட்டனில் 494 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், ஓரளவு மறதிநோய் வந்தவர்களுக்குக் கடும் உடற்பயிற்சி கொடுத்தும் அறிவுத்திறன் சரிவது நிற்கவில்லை. உடல் வலு மட்டும் கூடியது. அதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் உங்களுக்கு ஏமாற்றம் இருக்காது. நல்ல தூக்கம், பசி, எழுந்து நடக்கும் வலு, கொஞ்சம் சிரிப்பு இவற்றுக்காக ஆடலாம்.

டிவி ஆட்டம் வேண்டாம். திரையில் தெரியும் உருவம் நிஜமாகவே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்துப் பயப்படுவார்கள். நாற்காலியில் உட்காரவைத்து பலூன் தட்டுங்கள். பலூன் மெதுவாக வருவதால் கை தூக்க நேரம் கிடைக்கும். ரப்பர் பந்து உருண்டால் எடுக்க எழுந்து ஓடுவார், அதனால் பந்து கூடாது. சின்ன வயதில் அடித்த கும்மிப் பாட்டு பல பேருக்கு வார்த்தை தப்பாமல் இருக்கும், உட்கார்ந்தபடியே தட்டட்டும். குனிந்து தட்டும் அடி வேண்டாம், தலை சுற்றும். காலை நேரம், 10 நிமிடம், தினமும் ஒரே இடம். பொழுது சாயும்போது பலருக்குக் குழப்பம் கூடும். அப்போது ஆட்டம் எடுக்காதீர்கள். மதிப்பெண், வெற்றி, தோல்வி எதுவும் வேண்டாம். "ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டுச் சோதிக்கவும் வேண்டாம்.

மூன்று நாள் டிவி டென்னிஸ் ஆடி வலது தோளைத் தூக்க முடியவில்லை. – வாசகர், மயிலாடுதுறை

2007-லேயே ஓர் மருத்துவர் மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடித் தோள் வலி வந்ததை மருத்துவ இதழில் "வீயைட்டிஸ்" என்று வேடிக்கையாகப் பெயரிட்டு எழுதியிருக்கிறார். உண்மையான மட்டையில் பந்து படும்போது கை நிற்கும். இங்கே பந்து இல்லை, கை வீசி முடியும்வரை தோள் தசைதான் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு வாரம் ஓய்வு, பிறகு 10 நிமிடம் மட்டும், தோளுக்குக் கீழே வீச்சு. இரண்டு வாரத்தில் கை தலைக்கு மேல் போகவில்லையென்றால் காட்டுங்கள். சர்க்கரை இருந்தால் உறைதோளாகவும் (தோள் மூட்டு இறுகிப்போவது) இருக்கலாம்.

பலன் வருகிறதா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை நாள் ஆகும்? – வாசகி, தஞ்சாவூர்

கால் வலுவும் சமநிலையும் ஆறு எட்டு வாரத்தில் தெரியும். கவனத்துக்கு மூன்று மாதமாவது வேண்டும். நிறுத்தினால் மெல்ல மெல்லப் போய்விடும்.

கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து 3 மீட்டரில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி? 12 அல்லது அதற்கு மேல் என்றால் விழும் ஆபத்து உண்டு. இன்னொரு நாள் 80-லிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே அதையே செய்யட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். மாதம் ஒரு முறை அளந்து, அந்த இடைவெளி குறைந்தால் பயிற்சி வேலை செய்கிறது.

அடுத்தது, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுக்கு ஆண்கள் 12, பெண்கள் 10 முறைக்குக் குறைந்தால் கால் வலு போதாது. எப்போதும் அதே நாற்காலி, அதே செருப்பு, அதே நேரம். காலையில் ஒரு முறை, தூக்கக் கலக்கத்தோடு மதியம் ஒரு முறை அளந்து ஒப்பிட்டால் வீண் கவலைதான் மிஞ்சும்.

முற்றத்தில் கட்டம் போட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஐப்பசி மழை வந்ததும் நின்றுவிட்டது. – வாசகர், வலங்கைமான்

கார்த்திகை முடியும்வரை முற்றத்தை நம்ப வேண்டாம். மழை விட்டாலும் பாசி பிடித்த சிமென்ட் காயாது. கூடத்துக்கு மாற்றுங்கள். ரெட் ஆக்சைடு தரையும் மொசைக்கும் ஈரக் காலுக்கு வழுக்கும். ஆடும் முன் காலைத் துடைத்துக்கொள்ளட்டும். சாக்ஸ் மட்டும் போட்டு ஆடவே கூடாது. கோட்டுக்குப் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப் போதும், அரை அங்குல அகலம். பிளாஸ்டிக் டேப் ஓரம் கிளம்பிக் கட்டைவிரலில் மாட்டும். பாய், ஜமுக்காளம் விரித்து அதன்மேல் கட்டம் போடாதீர்கள், காலோடு நகரும். கூடம் சிறிதானால் 4-க்கு 6 கட்டம் போட்டு "நெல்–புல்" மட்டும் ஆடலாம். மின்சாரம் போகும் நேரம் பார்த்து, பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள்.